சாப்பாடும் கிருமியும்: திருகோணமலைக் குசினியில் அடிக்கடி எழும் கேள்விகள்

சாப்பாடு பழுதா இல்லையா என்ற பேச்சு வந்தால் எங்கள் வீடுகளில் தீர்ப்புச் சொல்வது மூக்குத்தான். நாறினால் கொட்டு, நாறாவிட்டால் சாப்பிடு. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்தத் தீர்ப்புக்கு எதிரானவை. உட்துறைமுக வீதியிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் சனம் வழமையாகக் கேட்கிற கேள்விகளையே எடுத்திருக்கிறேன். ஆய்வுகூடக் கதை தேவைக்கு மட்டும் வரும்.

நாறவில்லை, புளிக்கவில்லை, நூல் விடவில்லை. பிறகு எப்படி அது கெட்ட சாப்பாடாகும்?

சாப்பாட்டைப் பழுதாக்கும் கிருமி வேறு, ஆளை விழுத்தும் கிருமி வேறு. மீனை நாற வைப்பது, பாலைத் திரைய வைப்பது, பாணில் பச்சையாகப் படர்வது எல்லாம் முதல் கூட்டம். அவை சாப்பாட்டின் மணம், நிறம், பதம் மூன்றையும் மாற்றிவிடும். அதனால் நாங்களே விலகிவிடுவோம்.

சல்மொனெல்லா போன்றவை இரண்டாவது கூட்டம். ஆளைப் படுக்கையில் போடுகிற அளவுக்கு அவை கறியில் இருந்தாலும் கறி நேற்றைய மாதிரியே மணக்கும், ருசிக்கும். ஆகவே நாறினால் கொட்டுவது சரி. நாறவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர ஏலாது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான்.

கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகும்?

வசதி கிடைத்தால் பல பக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, அப்படியே போனால் ஏழு மணிநேரத்தில் ஒரு கிருமி 20 இலட்சத்தைத் தாண்டும். தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் தாமதிக்கும். புது இடத்துக்குப் பழக அதற்கும் நேரம் தேவை. அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைக்கிற தவணை.

வசதி என்றால் என்ன? ஈரம், சத்து, அதிகம் புளிப்பில்லாத தன்மை, வெதுவெதுப்பு, நேரம். சோறு, பருப்பு, மீன், இறைச்சி, தேங்காய்ப்பால் எல்லாவற்றிலும் முதல் மூன்றும் இருக்கின்றன. மிச்சம் இரண்டுதான் எங்கள் கையில்.

5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டது ஆபத்தான வெப்பநிலை. அதிலும் 30க்கும் 40க்கும் இடையில் பெரும்பாலான நோய்க்கிருமிகளுக்குக் கொண்டாட்டம். திருகோணமலையில் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது பகல் வெப்பம் 34, 35 பாகைக்குப் போகும். ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கிற பெட்டியையும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் வைத்திருப்பார்கள். எங்கள் குசினி மேசைக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

வெளிநாட்டு அறிவுரைகளில் "சமைத்ததை இரண்டு மணிநேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்" என்று இருக்கும். அதே அறிவுரையின் அடுத்த வரியைப் பலர் வாசிப்பதில்லை. வெளியில் 32 பாகைக்கு மேல் என்றால் ஒரு மணிநேரம்தான். ஆண்டின் பல மாதங்களுக்கு எங்களுக்குப் பொருந்துவது அந்த அடுத்த வரி.

சூடாக்கினால் கிருமி செத்துவிடும்தானே?

எந்தளவு சூடு என்பதில் இருக்கிறது விஷயம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்திருப்பீர்கள். முதல் வாளி ஊற்றும்போது உடம்பு சிலிர்க்கும், ஆனால் அது 40 பாகையைச் சுற்றிய சூடுதான். கறியை அந்தளவுக்குச் சூடாக்கி "சுட்டாச்சு" என்று இறக்கினால் கிருமிக்குக் குளிப்பாட்டிவிட்ட மாதிரி. பெரிய சட்டி இறைச்சிக் கறியில் வளரும் கிளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜன்ஸ் என்ற பக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த சூடே 43 முதல் 46 பாகை வரை. அங்கே அது 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது.

சாப்பாட்டின் நடுப்பகுதி 70 பாகையைத் தாண்ட வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் கறி என்றால் நடுவிலும் கொப்பளம் வரக் கொதிக்க வேண்டும். சோறு என்றால் உள்ளிருந்து ஆவி பறக்க வேண்டும். ஓரத்தில் கொதித்தால் போதாது, அகப்பையால் கிளறுங்கள்.

அப்போ நன்றாகக் கொதிக்க வைத்தால் நேற்று மேசையில் கிடந்த கறியையும் சாப்பிடலாமா?

சாப்பிடக் கூடாது என்பதுதான் இதற்குப் பதில். உயிருள்ள கிருமி கொதியில் சாகும். அது ஏற்கனவே சாப்பாட்டுக்குள் விட்டுவைத்த நஞ்சு எல்லா நேரமும் அழியாது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா எங்கள் தோலிலும் மூக்கிலும் இருப்பது. கையில் புண்ணோடு சமைத்தால் நேரே சட்டிக்குள் போகும். அதன் நஞ்சு சாதாரணக் கொதியைத் தாங்கும். அடுத்த கேள்வியில் வரும் சோற்றுக் கிருமியின் நஞ்சு அதையும் விடக் கடுமையானது.

சுண்டக்கறியைப் பற்றிக் கேட்பீர்கள். இரவு மிஞ்சிய கறிகளை ஒன்றாகச் சேர்த்து வற்ற வைத்துக் காலையில் பாணோடு சாப்பிடுகிற பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பிடிக்கும். ஆனால் வற்ற வைக்கிற வேலையை இரவே செய்து, ஆறியதும் பெட்டியில் வைத்து, காலையில் மீண்டும் கொதிக்க வைக்க வேண்டும். இரவு முழுக்க அடுப்படியில் கிடந்ததைக் காலையில் வற்ற வைத்தால், ஏழெட்டு மணிநேரத்தில் சேர்ந்த நஞ்சும் கறியோடு சேர்ந்து வற்றும்.

வெறும் சோறுதானே, அதில் என்ன வரப் போகிறது?

சோற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. சத்தி வந்தால் பழி மீனுக்கும் இறைச்சிக்கும்தான். ஆனால் பாசிலஸ் சீரியஸ் என்ற மண்வாழ் பக்டீரியா வயலிலேயே நெல்லோடு ஒட்டிக்கொள்ளும். தம்பலகாமத்து நெல், கந்தளாய் நெல், இறக்குமதி அரிசி எதிலும் இருக்கலாம். அரிசி வேகும்போது பக்டீரியா சாகும். ஆனால் தடித்த ஓட்டுக்குள் உறங்குகிற அதன் வித்திகள் சாகாது. கொதி உண்மையில் அவற்றை எழுப்பிவிடுகிறது. போட்டிக்கு வேறு கிருமி இல்லாத, வெதுவெதுப்பான, ஈரமான சோற்றுப் பானை அவற்றுக்குத் தனி ராச்சியம்.

அங்கே பெருகும்போது அது விடுகிற நஞ்சுக்கு செரியுலைட் என்று பெயர். 121 பாகையில் ஒன்றரை மணிநேரம் வைத்தாலும் அது அழியாது. பிரஷர் குக்கரே எட்டுகிற சூடு அவ்வளவுதான். எனவே நேற்றுப் பகல் சோற்றை இன்று முட்டை, லீக்ஸ் போட்டு வறுத்தெடுத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணிநேரத்துக்குள் சத்தி வரும்.

மிஞ்சுகிற சோற்றைப் பானையோடு விடாமல் அகன்ற தட்டில் பரப்பி ஆற விடுங்கள். பானையின் நடுச் சோறு பல மணிநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பரப்பினால் அரை மணிநேரத்தில் ஆறிவிடும். பிறகு மூடிப் பெட்டியில் வைத்து அடுத்த நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

அப்படியென்றால் பழஞ்சோறு? எங்கள் அப்பாச்சி தொண்ணூறு வயது வரை அதைத்தானே சாப்பிட்டார்!

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும், நியாயமான கோபம். பழஞ்சோற்றில் நடப்பது வேறு. தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பக்டீரியாக்கள் முந்திக்கொண்டு வளர்ந்து புளிப்பை ஏற்றும். புளிப்பு ஏற ஏற நோய்க்கிருமிகள் அடங்கும். தோசை மா பொங்குவதும் தயிர் உறைவதும் இதே குடும்பத்தின் வேலைதான்.

ஆனால் அப்பாச்சி எப்படிச் செய்தார் என்பதையும் யோசியுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு, அன்று சமைத்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் சாப்பிட்டார். பகல் 12 மணிக்கு வடித்த சோற்றை இரவு 10 மணி வரை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், புளிப்புக் கூட்டம் வருவதற்கு முன்பே மற்றது குடியேறியிருக்கும். ஊற்றுகிற தண்ணீர் கொதித்தாறியதாகவும் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் பழஞ்சோற்றைப் பரிந்துரைப்பதில்லை.

பகல் பார்சலில் முதலில் பழுதாவது எது?

தேங்காய்ச் சம்பல். அது வேகாத தேங்காய்ப்பூ, கையால் பிசைந்தது, ஈரமும் கொழுப்பும் நிறைந்தது. தேசிப்புளி கொஞ்சம் தடுக்கும், ஆனால் நாங்கள் ருசிக்கு விடுகிற அளவு காவலுக்குப் போதாது. அடுத்தது சொதி. தேங்காய்ப்பாலில் புளிப்பு அநேகமாக இல்லை. முதற்பாலை விட்டதும் திரைந்துவிடும் என்று பயந்து கொதிக்க விடாமல் இறக்கிவிடுவோம். பால் பிழிந்த கையின் கிருமி அப்படியே தங்கிவிடும்.

காலை 10 மணிக்குச் சூடாகக் கட்டி லஞ்ச் ஷீற்றில் மடித்து, அலுமாரிக்கு மேல் அடுக்கி, 2 மணிக்கு விற்கிற பார்சல்தான் எனக்குப் பெரிய கவலை. உள்ளே ஆவி வெளியேற இடமில்லை. நாலு மணிநேரம் இளஞ்சூடு. வாங்குவதென்றால் கண்முன்னே கட்டித் தருகிற கடையில் வாங்குங்கள். வேலைக்குக் கொண்டுபோகிறவர்கள் சம்பலுக்குப் பதிலாக வறுத்த கருவாடு, தயிர் மிளகாய், புளி விட்ட குழம்பு என்று எடுத்துப் போகலாம். பாட்டிமார் பயணத்துக்குக் கட்டித் தந்த புளிச்சோற்றின் கணக்கும் அதுவே.

அன்னதானம், கந்தூரி, நோன்புக் கஞ்சி என்று பெரிய கிடாரத்தில் சமைக்கிறோம். எதைக் கவனிப்பது?

கிடாரம் கொதிப்பது மெதுவாக, ஆறுவது அதைவிட மெதுவாக. முன்பு சொன்ன பெர்ஃபிரிஞ்ஜன்சின் வித்திகள் கொதியில் தப்பி, கறி மெல்ல ஆறி 50 பாகைக்குக் கீழே வந்ததும் முளைக்கும். கிடாரத்தின் அடியில் காற்றும் குறைவு. அதற்குக் காற்று வேண்டியதில்லை. சாப்பிட்டு 6 முதல் 24 மணிநேரத்துக்குள் வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும் வரும், பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். ஒரே பந்தியில் நூறு பேருக்கு வந்தால்தான் ஊர் அறியும்.

வழி இரண்டுதான். ஒன்று, பரிமாறி முடியும் வரை கிடாரத்தின் கீழ் தணல் இருக்கட்டும். கை வைக்க முடியாத சூடு தொடர வேண்டும். மற்றது, சமைத்து முடிகிற நேரத்தைப் பந்தி நேரத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். வெருகல் திருவிழாவுக்கு விடிய 3 மணிக்கே இறக்கிவிட்டுப் பகல் 1 மணிக்குப் பரிமாறுவது பக்தியில் குறைவில்லாமல் இருக்கலாம், சாம்பாருக்கு அது பத்து மணிநேரம். நோன்புக் கஞ்சியும் அப்படி. அஸர் எனும் பின்னேரத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் வாளியில் வாங்கி வந்த கஞ்சியை நோன்பு திறப்பதற்குச் சற்று முன் வீட்டில் ஒரு கொதி வைத்தால் நல்லது. அதில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் இருக்கிறதே. மிஞ்சியதை ஸஹருக்கு, அதாவது விடியமுன் சாப்பாட்டுக்கு என்று வெளியில் வைக்க வேண்டாம்.

சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கிறது. மீன் எனக்கு ஒத்துக்கொள்ளாதா?

பெரும்பாலும் உங்கள் உடம்பில் பிழையில்லை, மீனில்தான். திருகடலூரிலும் சல்லியிலும் கரை சேர்கிற சூரை, கும்பளா, சாளை, கீரி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்து வெயிலில் கிடந்தால் மோர்கனெல்லா போன்ற பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒவ்வாமை வரும்போது எங்கள் உடம்பு விடுகிற அதே பொருள்தான். இங்கே அது தட்டிலிருந்து உள்ளே போகிறது. சில நிமிடத்தில் இருந்து ஓரிரு மணிநேரத்துக்குள் முகச்சிவப்பு, அரிப்பு, தலையிடி, சில நேரம் வயிற்றோட்டம் வரும். வாயில் மிளகு உறைப்பது போல் இருந்ததாகச் சிலர் சொல்வார்கள்.

கொதியோ பொரியலோ உறைகுளிரோ ஹிஸ்டமினை அழிக்காது. ரின்னில் அடைத்தாலும் போகாது. சர்வதேச உணவுத் தர ஏற்பாடான கோடெக்ஸ் ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறது. அதை வீட்டில் அளக்க முடியாது. செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிற மீனிலும் அது இருக்கக்கூடும்.

ஆகவே மீனைப் பார்ப்பதோடு ஐஸையும் பாருங்கள். படகில் ஐஸ் இருந்ததா, சந்தையில் மீன் ஐஸின் மேல் சும்மா கிடக்கிறதா, ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா? எங்கள் வெயிலுக்கு மீனின் எடையளவு ஐஸ் வேண்டும். தூளாக உடைத்த ஐஸ் மீனை நாலாபக்கமும் தொடும், கட்டியாகப் போட்டால் தொடாது. காலையில் வாங்கி, மோட்டார் சைக்கிளில் பையைத் தொங்கவிட்டு, வழியில் இரண்டு வேலை முடித்து 11 மணிக்கு வீடு சேர்கிறவர்கள் வியாபாரியைக் குறை சொல்ல வேண்டாம். சின்ன ரெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி வந்தால் வைத்தியர் பெரும்பாலும் ஒவ்வாமைக்குக் கொடுக்கிற மருந்தையே தருவார். மூச்சு முட்டினால் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

கருவாடு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அது எப்படி?

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, கிருமி அதை எடுத்துக் குடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உப்பு அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயில் மிச்சத்தை உறிஞ்சிவிடும். நன்றாகக் காய்ந்த கருவாட்டில் பக்டீரியா பட்டினி.

குச்சவெளிப் பக்கம் கச்சான் காற்றில் காய்ந்த கருவாடும் மார்கழி மழைக்கிடையில் அவசரமாகக் காய்ந்ததும் ஒன்றல்ல. விரலால் அமத்தினால் குழி விழுந்தால் ஈரம் இருக்கிறது. சில நேரம் கருவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு வரும். அது உப்பை விரும்பி வாழ்கிற நுண்ணுயிர், கடல் உப்போடு வருவது. ஆளுக்கு நேரடித் தீங்கு பெரிதாகச் செய்யாது, ஆனால் கருவாடு ஈரத்தில் கிடந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று: சூரைக் கருவாட்டில் ஹிஸ்டமின் ஏற்கனவே இருந்தால் உப்பும் வெயிலும் அதைப் போக்காது. நாறத் தொடங்கிய மீனைக் கருவாடாக்கித் தப்பிக்கிற வேலை தப்பாகவே முடியும்.

மட்டி, நண்டு, இறால்?

வெதுவெதுப்பான கடல்நீரில் வாழ்கிற விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்ற கிருமி இவற்றில் இயல்பாகவே இருக்கும். கொட்டியாரக்குடாவின் தண்ணீர் ஆண்டு முழுக்க அதற்கு ஏற்ற சூடு. 1950இல் யப்பானின் ஒசாக்காவில் அரைப்பதமாய் உலர்ந்த மத்திக் குஞ்சு சாப்பிட்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தபோது சுனெசபுரோ புஜினோ என்ற விஞ்ஞானி இதை இனங்கண்டார். வேகவைத்தால் சுலபமாகச் சாகும். ஆபத்து எங்கே என்றால், பச்சை நண்டு கிடந்த கோப்பையிலேயே வெந்த நண்டை எடுத்து வைப்பதில்.

மட்டி நாளெல்லாம் தண்ணீரை வடிகட்டித் தின்பது. சுற்றிலும் உள்ள கழிவுநீர்க் கிருமியும் அதற்குள் சேரும். வாய் திறக்கும் வரை அவித்து, அதற்குப் பிறகும் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். அவித்தும் திறக்காததை எறிந்துவிடுங்கள். வடிகால் வந்து விழுகிற இடத்தில் பொறுக்கியதை எப்படிச் சமைத்தாலும் நான் சாப்பிட மாட்டேன்.

பேத்தை மீனைச் சுத்தம் செய்து சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களாம். சாப்பிடலாமா?

வேண்டாம். அதன் டெட்ரோடொடொக்சின் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, சமையல் அதை அழிக்காது. அந்த நஞ்சைச் செய்வதும் சில கடல் பக்டீரியாக்கள்தான் என்பதால் இந்தப் பக்கத்தில் இடம் கொடுத்தேன்.

கோழியை நாலு தண்ணீரில் கழுவிவிட்டுத்தானே சமைக்கிறோம்?

கழுவுவதால் கோழியில் உள்ள கம்பைலோபக்டரும் சல்மொனெல்லாவும் போகாது. குழாயடியில் இருந்து தெறித்து வெட்டி வைத்த வெங்காயத்திலும் காய்கிற கோப்பையிலும் போய் விழும். அவற்றைக் கொல்வது அடுப்புத்தான். இதைச் சொன்னால் அருவருப்போடு பார்ப்பார்கள், தெரியும். கழுவாமல் மனம் ஆறாது என்றால் ஒரு சட்டித் தண்ணீருக்குள் மெதுவாக அலசி, தெறிக்காமல் ஊற்றி, தொட்டியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கோழி வெட்டிய பலகையில் அப்படியே சலாதுக்கு வெள்ளரிக்காய் வெட்டுவதுதான் நான் அதிகம் காண்கிற பிழை. இன்னொரு பலகையின் விலை பெரிதல்ல.

கடையில் செய்கிற மயோனெய்ஸ்?

பச்சை முட்டையில் அடித்தது என்றால் வெயில் காலத்தில் தொட வேண்டாம். போத்தலில் தொழிற்சாலையில் அடைத்து வருவது புளிப்புக் கூடியது, கிருமி நீக்கிய முட்டையில் செய்யப்படுவது. திறந்த பின் அதையும் குளிரில் வையுங்கள்.

மூதூர், கிண்ணியா எருமைத் தயிர் சட்டியில் வெளியில்தானே இருக்கிறது, அது ஏன் கெடுவதில்லை?

தயிரில் கிருமி இல்லை என்று யார் சொன்னது? கோடிக்கணக்கில் இருக்கிறது, நல்ல பக்கத்துக் கிருமி. உறை ஊற்றிய பாலில் அவை லாக்டிக் அமிலத்தை ஏற்றி, மற்றவை வளர முடியாத புளிப்புக்குக் கொண்டுபோய்விடும். மண்சட்டி தண்ணீரை மெல்ல வெளியே விடுவதால் தயிர் இறுகும். வெளியில் வைத்தால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் மேலே பூஞ்சணம் படரும். அதனால் வாங்கிய நாளே குளிரில் வைப்பது நல்லது.

பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்ற வேண்டும். காய்ச்சாத பாலில் புரூசெல்லா போன்றவை வரலாம். விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு நோவும் வாரக்கணக்கில் இழுக்கும். 63 பாகையில் 30 நிமிடம் அல்லது 72 பாகையில் 15 செக்கன் என்பது பாஸ்டர் முறைக் கணக்கு. வீட்டில் பால் பொங்கி வருவதே அதற்கு மேல்.

ஃபிரிட்ஜில் வைத்தால் பயமில்லையா? கரண்ட் போனால்?

குளிர் கிருமியைக் கொல்லாது, நடையைக் குறைக்கும். 5 பாகைக்குக் கீழே பெரும்பாலானவை நகர மாட்டா. லிஸ்டீரியா மட்டும் அங்கேயும் மெல்ல வளரும். உறைபெட்டியில் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் எல்லாம் உறங்கும், வெளியே எடுத்ததும் எழும்பும். அதனால் உறைந்த மீனைக் காலையில் மேசையில் போட்டுவிட்டுப் போகாமல், முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்ற காலத்தில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு ஓடியது. மழைக் காலத்தில் மரம் விழுந்தாலும் அதே கதை. கதவைத் திறக்காவிட்டால் கீழ்ப்பெட்டி சுமார் நாலு மணிநேரம் தாங்கும். நிரம்பிய உறைபெட்டி இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். "குளிர் இருக்கிறதா பார்ப்போம்" என்று பத்துத் தரம் திறக்கிறவர்கள் வீட்டில் இந்தக் கணக்குச் செல்லாது.

கிணற்றுத் தண்ணீரும் ஐஸும்?

மணல் தரையில் மலசலகூடக் குழிக்குக் கிட்ட உள்ள கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வையுங்கள். கொப்பளித்து ஒரு நிமிடம் போதும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடும் வரை பாத்திரம் கழுவவும் கொதித்தாறிய தண்ணீர்தான். கொதிக்க வைத்த தண்ணீருக்குள் கோப்பையோடு கையை விட்டு அள்ளுவது முழு வேலையையும் வீணாக்கும். மூடியுள்ள, குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள். மீனுக்கு வருகிற ஐஸ் கட்டியைச் சர்பத்துக்கு உடைக்கிற கடை எந்த வெயிலிலும் வேண்டாம். தைபோயிட்டும் செங்கமாரியும் ஐஸில் சாகாமல் வந்து சேரும்.

கோயில் வீதியில் வாங்கிய கச்சான் கடலையில் சிலது கசக்கிறது.

துப்பிவிடுங்கள். ஈரத்தில் கிடந்த கச்சான், செத்தல் மிளகாய், கொப்பறா, சோளம் இவற்றில் அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை விடும். 1960இல் இங்கிலாந்தில் கச்சான் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஒரு இலட்சமளவில் செத்த பிறகே உலகம் இதைக் கவனித்தது. இது உடனே சத்தி எடுக்க வைக்காது. ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய்க்கு வழி வைக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சணம் பிடித்த பாணில் அந்தத் துண்டை மட்டும் பிய்த்து எறிவதும் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத நூல்கள் உள்ளே ஓடியிருக்கும்.

கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் தனியாக ஏதும் உண்டா?

ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், நாக்கில் தடவவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் வித்திகள் எங்களை ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் சோர வைத்துவிடும். இந்த இடத்தில் மாமியோடு சண்டை பிடிப்பது தகும். கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலையும் சூடாக்காத சொசேச்சையும் தவிர்க்க வேண்டும். லிஸ்டீரியா தாய்க்குச் சின்னக் காய்ச்சலாக வந்து வயிற்றுப் பிள்ளையைப் பறித்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணிப்பில், கெட்ட உணவால் ஆண்டுக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் சாகிறார்கள். அதில் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கிவிட்டது. என்ன செய்வது?

போகிற தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வேலை. ஒரு ஜீவனி பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்ட வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பார்மசியில் ஓட்டத்தை நிறுத்துகிற குளிசை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சலம் போகாமை, குழந்தை துவண்டு போதல், பார்வை இரட்டையாகத் தெரிதல் எதுவென்றாலும் உடனே ஆஸ்பத்திரி.

கடைச் சாப்பாடுதான் காரணம் என்று நினைக்கிறேன். யாரிடம் சொல்வது?

கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்ட முன்னர் கணக்குப் பாருங்கள். ஒன்று முதல் ஆறு மணிநேரத்தில் சத்தி என்றால் அன்றைய சாப்பாட்டின் நஞ்சாக இருக்கலாம். சல்மொனெல்லா என்றால் ஆறு மணிநேரம் முதல் மூன்று நாள் வரை எடுக்கும், நேற்று முன்தினத்துக் கொத்துரொட்டியும் சந்தேகத்தில் வரும். செங்கமாரி என்றால் 15 முதல் 50 நாள். அதற்குள் எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பீர்கள்!

முறைப்பாட்டை உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது பீ.எச்.ஐ.யிடம் கொடுக்கலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடையைச் சோதிக்கவும் மாதிரி எடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது வருத்தம் தொடங்கியது, கூடச் சாப்பிட்டவர்களில் யாருக்கு வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். மிச்சச் சாப்பாடு இருந்தால் கொட்டாமல் மூடிக் குளிரில் வையுங்கள், "சாப்பிட வேண்டாம்" என்று பெரிதாக எழுதி.